ஜப்பானியச் சரித்திர நாடகங்கள்: அழியப்போகிறது என்றார்கள்... திரும்பி வந்தது எப்படி?

கிமோனோ உடை. இடுப்பில் இரண்டு வாள். காற்றில் அசையும் மூங்கில். ஒரு நொடி அமைதி... அடுத்த நொடி எதிரி தரையில்.

இப்படி ஒரு காட்சியை எங்கேயாவது பார்த்திருப்பீங்க. படமாக இல்லாவிட்டாலும் அனிமேயில், இல்லையென்றால் 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா' மாதிரி ஒரு விளையாட்டில்.

2024ஆம் ஆண்டு 'ஷோகன்' தொடர் ஒரே பருவத்தில் 18 எம்மி விருதுகளை அள்ளியது. ஒரு தொடரின் ஒரு பருவத்துக்கு அவ்வளவு விருதுகள் அதுவரை கிடைத்ததே இல்லை. அதன் வசனங்களில் பெரும்பகுதி ஜப்பானிய மொழி.

உலகமே கைதட்டிய அந்த நேரத்தில் ஜப்பானில் நிலைமை என்ன தெரியுமா? இந்த வகை நாடகங்களை வாரந்தோறும் தயாரித்துக்கொண்டிருந்த தனியார் தொலைக்காட்சி நிலையங்கள் அவற்றை எப்போதோ கிட்டத்தட்டக் கைவிட்டிருந்தன. வாள்வீச்சையே தொழிலாகச் செய்தவர்களுக்கு வேலை குறைந்திருந்தது.

சொந்த ஊரில் வாடிய கலை வெளியூரில் எப்படிப் பூத்தது? விளக்கமாகப் பார்க்கலாம்.

அது என்ன 'ஜிடாய்கெகி'?

ஜப்பானில் சரித்திர நாடகங்களை, படங்களை 'ஜிடாய்கெகி' என்பார்கள். 'ஜிடாய்' என்றால் காலம், சகாப்தம். 'கெகி' என்றால் நாடகம். இன்றைய வாழ்க்கையைச் சொல்லும் கதைகளுக்கு 'கெண்டாய்கெகி' என்று தனிப் பெயர் உண்டு.

பெரும்பாலான கதைகள் எடோ காலத்தில் நடக்கும். அதாவது 1603 முதல் 1868 வரை. தொக்குகாவா வம்சத்து ஷோகன்கள் ஆண்ட காலம் அது. சக்கரவர்த்தி கியோட்டோவில் இருப்பார். உண்மையான அதிகாரம் எடோவில், அதாவது இன்றைய தோக்கியோவில் இருந்த ஷோகனிடம்.

சாமுராய் மட்டும்தான் கதாநாயகன் என்று நினைத்துவிடாதீங்க. விவசாயி, வணிகர், சூதாடி, கொல்லர், கெய்ஷா, தலைவன் இல்லாமல் அலையும் 'ரோனின்' என்று எல்லாருக்கும் இதில் கதை உண்டு.

எங்கே தொடங்கியது?

சினிமா ஜப்பானுக்கு வந்த புதிதில் கபுக்கி மேடைக் கதைகளைத்தான் அப்படியே படமாக்கினார்கள். கியோட்டோவில் நாடகக் கொட்டகை நடத்திய மக்கினோ ஷோசோ அதில் முன்னோடி. அவர் கண்டெடுத்த நடிகர் ஒனோயே மட்சுனொசுகே ஜப்பானியத் திரையுலகின் முதல் நட்சத்திரம். பெரிய கண்கள் அவருடைய அடையாளம்.

மௌனப் பட காலம் என்றாலும் கொட்டகை மௌனமாக இருக்காது. திரைக்குப் பக்கத்தில் 'பென்ஷி' எனும் கதைசொல்லி நின்று எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுப்பார். நம்ம ஊர் கதாகாலட்சேபத்தை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதே மாதிரிதான்.

1923 செப்டம்பர் 1ஆம் தேதி தோக்கியோ வட்டாரத்தைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. படப்பிடிப்புத் தளங்களும் சேதமடைந்தன. படத் தயாரிப்பு கியோட்டோ பக்கம் நகர்ந்தது. பழைய கோயில்கள், மதில்கள், தெருக்கள் எல்லாம் அங்கே ஏற்கெனவே இருந்தன. சரித்திரப் படம் எடுக்க வேறென்ன வேண்டும்? கியோட்டோவின் உசுமாசா வட்டாரம் 'ஜப்பானின் ஹாலிவுட்' ஆனது அப்படித்தான்.

போரும் தடையும்

இந்தக் கதைகளில் அடிக்கடி வரும் சொல் விசுவாசம். தலைவனுக்காக உயிரைக் கொடுப்பது.

அதற்குப் பெரிய எடுத்துக்காட்டு '47 ரோனின்' கதை. தங்கள் தலைவரின் சாவுக்குக் காரணம் என்று கருதியவரை, 1703ஆம் ஆண்டு பழிவாங்கிய வீரர்களின் உண்மைக் கதை அது. அவர்களுக்கு மரண தண்டனை கிடைத்தது. தங்கள் கையாலேயே உயிரை விடும்படி உத்தரவு. ஜப்பானில் எத்தனையோ முறை படமாகிவிட்டது.

இரண்டாம் உலகப் போரில் அந்த விசுவாசம் பிரசாரத்துக்குப் பயன்பட்டது. 1941இலும் 1942இலும் இரண்டு பாகங்களாக அதே 47 ரோனின் கதை மீண்டும் படமானது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்கு வந்து 'சியோனான்' ஆனது. தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருந்தால் தெரியும். ஜப்பானிய அதிகாரி இடுப்பில் தொங்கிய வாள் இந்த வட்டாரத்தில் யாருக்கும் பொழுதுபோக்கு இல்லை. இந்தப் படங்களை இங்கே உட்கார்ந்து பார்க்கும் நமக்கு அந்தப் பின்னணியும் தெரிந்திருப்பது நல்லது.

போர் முடிந்ததும் ஜப்பானை நிர்வகித்த அமெரிக்கத் தரப்புக்கும் இந்தச் சந்தேகம் வந்தது. பழிவாங்குவது, தலைவனுக்காகக் கண்மூடித்தனமாகச் சாவது போன்ற கதைகளுக்கு அது தடை போட்டது. அகிரா குரோசாவா 1945இல் எடுத்த ஒரு சரித்திரப் படம் 1952 வரை வெளியாகவில்லை.

அதற்குப் பிறகு வந்த இயக்குநர்கள் பழைய கதையை அப்படியே திரும்பச் சொல்லவில்லை. கேள்வி கேட்டார்கள். கோபாயாஷி மசாக்கி 1962இல் எடுத்த 'ஹராகிரி' படத்தைப் பாருங்கள். வறுமையில் வாடும் ஒரு சாமுராய் பிரபுவின் மாளிகைக்கு வருகிறார். அந்த மாளிகை பெருமையாக வைத்திருக்கும் மானமும் மரியாதையும் எவ்வளவு போலி என்று ஒவ்வொன்றாக உரித்துக் காட்டுகிறார். கோபாயாஷி, போரின்போது கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்டவர். அதிகாரி ஆவதற்கு மறுத்துச் சாதாரணச் சிப்பாயாகவே இருந்தவர். அந்தக் கோபம் படத்தில் தெரியும்.

உலகம் திரும்பிப் பார்த்தது

1951ஆம் ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் குரோசாவாவின் 'ரஷோமோன்' தங்கச் சிங்க விருதை வென்றது. ஒரே குற்றத்தை நால்வர் நான்கு விதமாகச் சொல்கிறார்கள். யார் சொல்வது உண்மை? படம் முடிந்தும் விடை கிடைக்காது.

அந்த உத்தி சென்னைக்கும் வந்தது. எஸ். பாலசந்தர் இயக்கி, சிவாஜி கணேசன் நடித்து 1954இல் வெளியான 'அந்த நாள்' படத்துக்கு ரஷோமோன்தான் தூண்டுதல். பாட்டே இல்லாத தமிழ்ப் படம் என்று அதைக் கேள்விப்பட்டிருப்பீங்க. அதன் வேர் கியோட்டோவில் இருக்கிறது.

இன்னும் சில:

- 'செவன் சாமுராய்' (1954): கொள்ளையரிடமிருந்து கிராமத்தைக் காக்க விவசாயிகள் ஏழு வீரர்களை அமர்த்துகிறார்கள். கூலி? மூன்று வேளைச் சோறு. ஹாலிவுட்டில் இது 'தி மேக்னிஃபிசெண்ட் செவன்' (1960) ஆனது.

- 'யோஜிம்போ' (1961): பெயரில்லாத வாள்வீரன் இரண்டு கும்பல்களை மோதவிடுகிறான். இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனி இதை 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' (1964) என்று கௌபாய் படமாக்கினார். அனுமதி வாங்கவில்லை. தோஹோ நிறுவனம் வழக்குப் போட்டது. கடைசியில் வசூலில் பங்கு கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள்.

- 'தி ஹிடன் ஃபோர்ட்ரஸ்' (1958): 'ஸ்டார் வார்ஸ்' கதைக்கு இது ஒரு தூண்டுதல் என்று ஜார்ஜ் லூகாஸே சொல்லியிருக்கிறார். 'ஜெடாய்' என்ற சொல்லே 'ஜிடாய்கெகி'யிலிருந்து வந்தது என்றும் பரவலாகச் சொல்வதுண்டு.

வீட்டுக்குள் வந்த சாமுராய்

1960களில் தொலைக்காட்சி வீடுதோறும் பரவியது. சாமுராய்களும் வரவேற்பறைக்குள் வந்துவிட்டார்கள்.

தேசிய ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே 1963இல் 'தைகா' நாடகங்களைத் தொடங்கியது. 'தைகா' என்றால் பெரிய ஆறு. ஆண்டுக்கு ஒரே கதை. ஞாயிற்றுக்கிழமை இரவு, வாரம் ஒரு பகுதி. இன்றும் தொடர்கிறது.

தனியார் நிலையங்களில் பெரிய வெற்றி 'மித்தோ கோமோன்'. 1969 முதல் 2011 வரை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிகள். கதை ரொம்பவும் எளிமை. ஒரு முதியவர் இரண்டு உதவியாளர்களோடு ஊர் ஊராகப் போவார். பார்த்தால் ஓய்வுபெற்ற வணிகர். ஒவ்வோர் ஊரிலும் ஓர் அநியாயம் நடக்கும். கடைசியில் சண்டை. சண்டையின் உச்சத்தில் உதவியாளர் ஒரு சிறு பெட்டியை உயர்த்திக் காட்டுவார். அதில் இருப்பது தொக்குகாவா வம்சத்தின் மூன்றிலை முத்திரை! வில்லன் உட்பட எல்லாரும் மண்டியிடுவார்கள்.

மாறுவேடத்தில் நகர்வலம் போகும் ராஜா கதை நமக்குப் புதுசா என்ன? அதேதான்.

ஒவ்வொரு வாரமும் ஒரே முடிவு என்று தெரிந்தும் மக்கள் பார்த்தார்கள். நியாயம் சரியான நேரத்துக்கு வந்துவிடும் என்ற அந்த நிம்மதிக்காகவே பார்த்தார்கள்.

வெட்டுப்படுபவர்கள்

கதாநாயகன் ஒரே வீச்சில் பத்துப் பேரைச் சாய்க்கிறான். அந்தப் பத்துப் பேர் யார்?

ஜப்பானில் அவர்களுக்கு ஒரு பெயர் உண்டு: 'கிராரேயாக்கு'. வெட்டுப்படும் வேடம் என்று பொருள். அது ஒரு முழுநேரத் தொழில்.

சண்டைக் காட்சியை அமைப்பவர் 'ததேஷி'. கையில் இருப்பது பெரும்பாலும் மூங்கிலில் அல்லது மரத்தில் செய்து வெள்ளித்தாள் ஒட்டிய வாள். அது உடம்பில் படக்கூடாது. ஆனால் பட்டதுபோல் தெரியவேண்டும். அதை நம்பவைப்பது வெட்டுபவரின் திறமையைவிட விழுபவரின் திறமைதான். அவர் ஒரு கணம் முந்தினாலும் பிந்தினாலும் காட்சி சிரிப்பாகிவிடும்.

அந்தக் கலையில் பெயர்பெற்றவர் ஃபுக்குமோட்டோ செய்சோ. 15 வயதில் தொயே நிறுவனத்தில் சேர்ந்தார். திரையில் ஐம்பதாயிரம் முறை செத்தவர் என்று அவரைச் சொல்வார்கள். வெட்டுப்பட்டதும் உடலை இறால்போல் பின்னால் வளைத்து விழுவது அவருடைய முத்திரை. விழும்போது முகம் கேமராவுக்குத் தெரியவேண்டுமே! அதற்காக அவரே கண்டுபிடித்த வழி அது.

'தி லாஸ்ட் சாமுராய்' (2003) படத்தில் டாம் குரூஸின் பின்னாலேயே பேசாமல் நடந்து வருவாரே ஒரு முதியவர், அவர்தான். எழுபது வயதை எட்டியபோது 'உசுமாசா லைம்லைட்' (2014) படத்தில் முதன்முறையாகக் கதாநாயகன் ஆனார். வேலை குறைந்துபோன ஒரு கிராரேயாக்குவின் கதை. கிட்டத்தட்ட அவருடைய கதையே. 2021 ஜனவரியில் 77 வயதில் காலமானார்.

ஏன் குறைந்தது?

காரணம் ஒன்றல்ல.

- செலவு: நடிகருக்குப் பொய்முடி, கிமோனோ, வாள், குதிரை எல்லாம் வேண்டும். தெருவில் ஒரு மின்கம்பம்கூடத் தெரியக்கூடாது. இன்றைய தோக்கியோவில் ஒரு காதல் கதை எடுக்க இதெல்லாம் தேவையில்லை.

- பார்வையாளர் வயது: பார்த்தவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். விளம்பரதாரருக்கோ இளையர் வேண்டும்.

- ஒரே மாதிரிக் கதை: முன்பு நிம்மதி தந்த சூத்திரம் இளையர் கண்ணுக்குப் பழசாகத் தெரிந்தது.

2011 டிசம்பரில் 'மித்தோ கோமோன்' வாராந்தரத் தொடர் முடிவுக்கு வந்தது. தனியார் நிலையங்களில் இரவு நேரத்தில் வாராவாரம் வந்த சரித்திர நாடகங்களின் காலமும் அதோடு கிட்டத்தட்ட முடிந்தது.

இழப்பு தொடர் மட்டுமில்லை. பொய்முடி கட்டுபவர், கிமோனோ உடுத்திவிடுபவர், ததேஷி, கிராரேயாக்கு... இவர்கள் யாரும் புத்தகம் படித்துத் தொழில் கற்றவர்கள் அல்லர். படப்பிடிப்புத் தளத்தில் மூத்தவரைப் பார்த்துக் கற்றவர்கள். படப்பிடிப்பே இல்லை என்றால் கற்றுக்கொள்ள இடமும் இல்லை.

'ஷோகன்': சாங்கி சிறைக் கைதி எழுதிய கதை

'ஷோகன்' தொடருக்கு அடிப்படை ஜேம்ஸ் கிளாவெல் 1975இல் வெளியிட்ட நாவல். அவருக்கும் சிங்கப்பூருக்கும் தொடர்பு உண்டு. பிரிட்டிஷ் படையில் இருந்த அவர், போரில் ஜப்பானியரிடம் பிடிபட்டு சாங்கியில் கைதியாக இருந்தார். அந்த அனுபவத்தில் பிறந்தது அவருடைய முதல் நாவல் 'கிங் ரேட்' (1962).

தம்மைச் சிறைவைத்த நாட்டைப் பற்றியே பின்னர் ஆயிரம் பக்கத்துக்கும் மேல் எழுதினார், அதுவும் வெறுப்பில்லாமல்.

கதையின் வேர் உண்மைச் சம்பவம். 1600ஆம் ஆண்டு டச்சுக் கப்பல் ஒன்று ஜப்பானில் கரைசேர்ந்தது. அதில் வந்த ஆங்கிலேய மாலுமி வில்லியம் ஆடம்ஸ், தொக்குகாவா இயெயாசுவின் ஆலோசகர் ஆனார். நாவலில் ஆடம்ஸ் பிளாக்தோர்ன் ஆகிறார். இயெயாசு தோரனாகா ஆகிறார்.

1980இல் இது முதல்முறை அமெரிக்கத் தொடரானது. கதை முழுக்க ஆங்கிலேயர் பார்வையில் போகும். ஜப்பானியர் பேசுவதற்குப் பெரும்பாலும் எழுத்துவடிவ மொழிபெயர்ப்புகூட இல்லை. அவருக்குப் புரியாதது பார்ப்பவருக்கும் புரியக்கூடாதாம்!

2024 தொடர் அதைத் தலைகீழாக மாற்றியது. ஜப்பானியப் பாத்திரங்கள் ஜப்பானிய மொழியில் பேசினார்கள். தோரனாகாவாக நடித்த சனடா ஹிரோயுக்கி தயாரிப்பாளராகவும் இருந்தார். படப்பிடிப்பு கனடாவில். ஆனால் பொய்முடி, ஆடை, உடல்மொழி, வாள்வீச்சுக்கு ஜப்பானிலிருந்தே சரித்திர நாடக வல்லுநர்களை வரவழைத்தார்.

அவ்வளவு நுணுக்கம் எதற்கு? ஒரே ஓர் எடுத்துக்காட்டு. கிமோனோவின் இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் வரவேண்டும். மாற்றி உடுத்தினால்? அது இறந்தவருக்கு உடுத்தும் முறை!

சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருதை வாங்கும்போது திரு சனடா ஜப்பானிய மொழியில் பேசினார். சரித்திர நாடகங்களை இதுநாள் வரை காப்பாற்றிவந்தவர்களுக்கும், இயக்குநர்களுக்கும், தமது ஆசான்களுக்கும் நன்றி சொன்னார். அவர்களிடமிருந்து பெற்ற கனவு கடல் தாண்டிவிட்டது என்றார். 'மித்தோ கோமோன்' முடிந்து 13 ஆண்டு கழித்து, உசுமாசாவில் வேலை செய்த பெயர் தெரியாத எத்தனையோ பேருக்குக் கிடைத்த நன்றி அது.

நெல் விவசாயி எடுத்த படம்

அதே 2024இல் ஜப்பானுக்குள் இன்னொரு வியப்பு.

யசுடா ஜுனிச்சி. கியோட்டோ பகுதியில் நெல் பயிரிடுபவர், படமும் எடுப்பவர். சுமார் 2 கோடியே 60 லட்சம் யென்னில் 'எ சாமுராய் இன் டைம்' படத்தை எடுத்தார். பெரும்பகுதி சொந்தப் பணம். சரித்திரப் படத்துக்கு அது மிகச் சிறிய தொகை. கதை பிடித்துப்போனதால் தொயே நிறுவனத்தின் கியோட்டோ படப்பிடிப்புத் தளம் கைகொடுத்தது.

கதை? எடோ காலத்துச் சாமுராய் ஒருவர் மின்னல் தாக்கி இன்றைய கியோட்டோவுக்கு வந்துவிடுகிறார். வந்து விழும் இடம் சரித்திர நாடகப் படப்பிடிப்புத் தளம்! போக வேறு இடமில்லை. தெரிந்தது வாள் மட்டும். கிராரேயாக்குவாக வேலைக்குச் சேர்கிறார்.

2024 ஆகஸ்ட்டில் தோக்கியோவில் ஒரே ஒரு திரையரங்கில் வெளியானது. பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே 300க்கும் மேற்பட்ட திரையரங்குகளுக்குப் பரவியது. 2025 மார்ச்சில் ஜப்பான் அகாடமியின் சிறந்த பட விருதும் கிடைத்தது.

படத்தில் வரும் வாள்வீச்சு ஆசான் பாத்திரம் முதலில் ஃபுக்குமோட்டோ செய்சோவை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அவர் அதற்குள் காலமாகிவிட்டார்.

இதெல்லாம் உண்மையா?

நாடகம் நாடகம்தான். மூன்று விஷயங்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

- எல்லாரும் சாமுராய் இல்லை. எடோ கால மக்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே அந்த வகுப்பு. நீண்ட அமைதிக் காலம் என்பதால் அவர்களிலும் பலர் அலுவலகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர்கள்.

- மித்தோ கோமோன் என்று அழைக்கப்பட்ட தொக்குகாவா மிட்சுகுனி உண்மையில் வாழ்ந்தவர். ஆனால் நாடெங்கும் சுற்றி நியாயம் வழங்கியதெல்லாம் கற்பனை. ஜப்பானிய வரலாற்றைத் தொகுக்கும் பெரும்பணியைத் தொடங்கிவைத்தவர் அவர்.

- 'புஷிடோ' எனும் வீரநெறி பற்றி உலகம் அறிந்தது பெரும்பாலும் நிட்டோபே இனாசோ ஆங்கிலத்தில் எழுதி 1900இல் வெளியான நூல் வழியாக. அப்போது சாமுராய் வகுப்பே ஒழிந்து 20 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

எங்கிருந்து தொடங்கலாம்?

- நேரம் குறைவா? 'ரஷோமோன்'. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதோடு 'அந்த நாள்' படத்தையும் பாருங்கள்.

- வாள்வீச்சு வேண்டுமா? 'யோஜிம்போ'. பிறகு மீக்கே தக்காஷியின் '13 அசாசின்ஸ்' (2010).

- அமைதியான குடும்பக் கதை? யமடா யோஜியின் 'தி டுவைலைட் சாமுராய்' (2002). சண்டை போடவே விரும்பாத ஓர் ஏழைச் சாமுராய். நாயகன் சனடா ஹிரோயுக்கிதான்.

- அனிமேயிலிருந்து வருகிறீர்களா? 'ருரோனி கென்ஷின்' படங்கள். எடோ காலம் முடிந்த பிறகு வாளை என்ன செய்வது என்ற கேள்வியிலிருந்து கதை தொடங்கும்.

- நீண்ட விடுமுறையா? 'செவன் சாமுராய்'. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். நடுவில் இடைவேளையும் உண்டு.

எதைப் பார்த்தாலும் ஒன்று செய்யுங்கள். சண்டை வரும்போது நாயகனை விட்டுவிட்டு, ஒரு நிமிடம் விழுபவர்களைக் கவனியுங்கள். எப்படி விழுகிறார்கள், முகம் எந்தப் பக்கம் திரும்புகிறது, அடுத்தவருக்கு எப்படி வழிவிடுகிறார்கள் என்று பாருங்கள். அதைக் கற்றுக்கொள்ளப் பல ஆண்டு ஆகும். கற்றுக்கொடுக்க இன்னும் சிலர் கியோட்டோவில் இருக்கிறார்கள்.